டிஎல்எல் பிழை வந்தால் எதை முதலில் பார்ப்பது

டிஎல்எல் என்பது ஒரு மென்பொருள் ஓடுவதற்குத் தேவையான துணை நிரல் கோப்பு. தோட்டக் காரியாலயத்தில் சம்பளக் கணக்கு மென்பொருளைத் திறக்கும்போது ‘விசிரன்டைம்140.டிஎல்எல் கிடைக்கவில்லை’ என்ற செய்தி தோன்றினால், அந்தப் பெயரை இணையத்தில் தேடி, எங்கிருந்தோ அந்த ஒரு கோப்பை மட்டும் தரவிறக்கிப் போடுவதே ஹட்டனிலும் பண்டாரவளையிலும் பலருடைய வழக்கம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அப்படிக் கிடைக்கும் கோப்பை யார் மாற்றியிருக்கிறார் என்பதும் தெரியாது, அது உங்கள் மென்பொருள் கேட்கும் பதிப்புத்தானா என்பதும் தெரியாது.

முதலில் செய்தியை முழுமையாகக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கோப்பு கிடைக்கவில்லை என்பது ஒரு நோய். கோப்பு இருந்தும் ‘என்ட்ரி பொயின்ட்’ (அந்தக் கோப்புக்குள் மென்பொருள் அழைக்கும் செயற்பாடு) கிடைக்கவில்லை என்பது வேறு நோய், ஏனெனில் அங்கே பெரும்பாலும் பதிப்புத்தான் பொருந்தவில்லை. பிழை எண் 193 என்று வந்தாலோ, 7பி என்று முடியும் நீண்ட எண் வந்தாலோ, 32 பிட் மென்பொருள் 64 பிட் கோப்பை ஏற்ற முயல்கிறதா, அல்லது அதற்கு மாறாக நடக்கிறதா என்று முதலில் சந்தேகியுங்கள்.

இந்தக் கடைசி வகையில்தான் அதிக நேரம் வீணாகிறது. 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்ற கோப்புறையில் இருப்பவை 64 பிட் கோப்புகள். 32 பிட் கோப்புகள் சிஸ்வாவ்64 என்ற கோப்புறையில் இருக்கின்றன. பெயரிலுள்ள எண்ணை நம்பி 32 பிட் கோப்பைச் சிஸ்டம்32 கோப்புறையில் போட்டால், பழைய பிழை தீராது என்பதோடு, அங்கே இருந்த நல்ல கோப்பும் அழிந்துபோனால் நன்றாக ஓடிய மற்ற மென்பொருள்களும் நின்றுவிடக்கூடும்.

விசிரன்டைம்140, எம்எஸ்விசிபி140 ஆகியவை மைக்ரோசொஃப்ட் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற துணைக் கோப்புப் பொதியைச் சேர்ந்தவை. 2015 முதல் 2022 வரையான பதிப்புகளுக்கு ஒரே பொதி போதுமானது. ஆனால் கணினி 64 பிட் ஆனாலும் மென்பொருள் 32 பிட் ஆக இருக்கலாம் என்பதால், அதன் 32 பிட், 64 பிட் ஆகிய இரு வகைகளையும் மைக்ரோசொஃப்ட் தளத்திலிருந்தே எடுத்து நிறுவுங்கள். இரண்டும் சேர்ந்து 50 மெகாபைட்டைத் தாண்டாது. மழைக்காலத்தில் இணைப்பு துண்டிக்கப்படும் தோட்டங்களுக்குச் செல்பவர்கள் இவற்றைப் பென் டிரைவில் எப்போதும் வைத்திருப்பது நல்லது.

கோப்பு கண்முன்னே இருந்தும் 126 என்ற பிழை வருவதுண்டு. செய்தி சொல்லும் கோப்பு இருக்கலாம். அது சார்ந்திருக்கும் இன்னொரு கோப்பு இல்லாமல் இருக்கலாம். இதைக் கண்டறிய டிபென்டன்சிஸ் என்ற திறந்தமூலக் கருவியில் மென்பொருளின் இயக்கக் கோப்பைத் திறந்தால், எது எதைச் சார்ந்திருக்கிறது, எது கிடைக்கவில்லை என்பவை மரவடிவில் தெரியும்.

அதிலும் பிடிபடாவிட்டால், மென்பொருள்கள் எந்தக் கோப்புகளைத் தேடுகின்றன என்று பதிவுசெய்யும், மைக்ரோசொஃப்ட் வழங்கும் பிராசஸ் மொனிட்டர் என்ற கருவியை இயக்கி, உங்கள் மென்பொருளின் பெயரை மட்டும் வடிகட்டி, ‘பெயர் கிடைக்கவில்லை’ என்ற விளைவுள்ள வரிகளைப் பாருங்கள். விண்டோஸ் வழக்கமாக மென்பொருளின் சொந்தக் கோப்புறையில் தொடங்கிப் பல இடங்களில் வரிசையாகத் தேடுவதால், அத்தகைய வரிகள் பல இருப்பது இயல்பே. எந்த டிஎல்எல் எல்லா இடங்களிலும் தேடப்பட்டு ஓரிடத்திலும் கிடைக்கவில்லையோ, அதையே குறித்துக்கொள்ளுங்கள்.

குறித்த கோப்பு மென்பொருளுக்கே உரியதாயின், வைரஸ் தடுப்பான் அதைத் தனிமைப்படுத்தியுள்ளதா என்று பார்த்துவிட்டு, மூல நிறுவியைக் கொண்டு மென்பொருளை மீண்டும் நிறுவுங்கள். சம்பளத் தரவு அதே கோப்புறையில் இருந்தால், அதற்கு முன் கட்டாயம் பிரதி எடுத்துவையுங்கள்.