வருமானச் சான்றிதழ் ஃபார்மை வச்சு அரசு போர்ட்டல் டிசைன் கத்துக்கலாம் வாங்க

புதுசா யூஐ டிசைன் (ஆப், வெப்சைட் ஸ்கிரீன வடிவமைக்கிற வேலை) பழகுறவங்க எல்லாரும் ஃபுட் ஆப்தான் போட்டுப் பாக்குறாங்க. அதுக்குப் பதிலா வருமானச் சான்றிதழ் ஃபார்ம் ஒண்ணு டிசைன் பண்ணிப் பாருங்க, நிறைய கத்துக்கலாம்.

ஸ்டெப் 1: ஸ்கிரீன் வரையுற ஃபிக்மா சாஃப்ட்வேரை இப்ப திறக்காதீங்க. பக்கத்து இ-சேவை மையத்துல கேட்டுக்கிட்டு, ஆபரேட்டர் பக்கத்துல அரை நாள் உக்காருங்க. ஃபார்ம்ல "ஆண்டு வருமானம்"னு இருக்கும், ஆனா அவரு "மாசம் என்னம்மா வரும்?"னுதான் கேப்பாரு, கூலி வேலைன்னா "வாரத்துல எத்தன நாள் வேலை இருக்கும், ஒரு நாளைக்கு எவ்வளவு?"ன்னு கேட்டு அவரே பெருக்கிப் போட்டுக்குவாரு. அவரு மாத்திக் கேக்குற அந்தக் கேள்விதான் உங்க ஃபார்ம்ல வரணும், பெருக்குற வேலைய கம்ப்யூட்டர் பாத்துக்கட்டும்.

ஸ்டெப் 2: ஒரு பேஜுக்கு ஒரு கேள்வி. பிரிட்டன் அரசோட கவ்.யூகே தளம் (2012 அக்டோபர்ல வந்தது) இப்படித்தான் பண்றாங்க. அவங்க டிசைன் சிஸ்டம் (ரெடிமேடா இருக்குற பட்டன், பாக்ஸ், அதுக்கான வழிமுறைகள்) 2018லேர்ந்து இலவசமாவே கெடைக்குது, தாராளமா எடுத்துக்கலாம். பிறந்த தேதிக்கு அதுல காலண்டர் கெடையாது, நாள், மாசம், வருஷம்னு மூணு பாக்ஸ், அவ்ளோதான். 1968ல பொறந்தவர காலண்டர்ல மாசம் மாசமா பின்னாடி தள்ள விட்டா என்ன ஆகும்னு யோசிங்க.

பேருக்கு ஒரே பாக்ஸ் போதும். நம்ம ஊர்ல இனிஷியல்தான, லாஸ்ட் நேம் கட்டாயம்னு வச்சா ஒருத்தர் புள்ளி வைப்பாரு, இன்னொருத்தர் அப்பா பேரைப் போடுவாரு, அப்புறம் ஆதார்ல இருக்குற பேரோட மேட்ச் ஆகாம அலைய வேண்டியதுதான்.

ஸ்டெப் 3: ஓடிபி. இதுலதான் பாதிப் பேரு தடுமாறுறாங்க. ஓடிபி பாக்க மெசேஜ் ஆப்புக்குப் போயிட்டுத் திரும்பி வந்தா பேஜ் ரீலோட் ஆகி, போட்டதெல்லாம் காலி! சின்ன ரேம் போன்ல இது சகஜம், அதனால ஒவ்வொரு பதிலையும் உடனே சேவ் பண்ணிடுங்க. இன்னொண்ணு, பிரவுசிங் சென்டர்ல அந்தக் கடைக்காரங்க நம்பரையே குடுத்துப் பதிஞ்சவங்க ஏகப்பட்ட பேரு, அடுத்த தடவ ஓடிபி அங்கதான் போகும். நம்பர் மாத்துறதுக்கு ஒரு வழி கண்டிப்பா வைங்க.

ஸ்டெப் 4: அப்லோட். என்னென்ன பேப்பர் வேணும்னு முதல் பேஜ்லயே சொல்லிடுங்க, கடைசில சொன்னா கோவம்தான் வரும். போட்டோ பெருசா இருந்தா நீங்களே சுருக்கிக்கோங்க. "இன்வேலிட் ஃபைல்"னு எரர் காட்டாதீங்க, "படம் மங்கலா இருக்கு, வெளிச்சத்துல வச்சு இன்னொரு தடவ எடுங்க"ன்னு தமிழ்ல சொல்லுங்க.

ஸ்டெப் 5: ஸ்டேட்டஸ். வெறும் "பெண்டிங்"னு போட்டா யாருகிட்ட போய் கேக்குறது? விஏஓ பாத்து, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) பாத்து, தாசில்தார் ஆபீஸ்ல கையெழுத்தாகணும். இப்ப யாரு டேபிள்ல இருக்கு, எந்தத் தேதிலேர்ந்து இருக்கு, திருப்பி அனுப்பிருந்தா என்ன காரணம்னு மூணையும் காட்டுங்க. எஸ்எம்எஸ்லயும் இதே விவரம் வரட்டும், லிங்க் மட்டும் அனுப்பினா பட்டன் போன்காரங்க என்ன பண்ணுவாங்க?