லீஸ் 80 ஆண்டுக்குக் கீழே இறங்கும் முன்

லண்டன் குரோய்டனில் எங்கள் ஃபிளாட்டின் லீஸில், அதாவது விலை கொடுத்து வாங்கிய வீட்டை வைத்துக்கொள்ளும் உரிமைக் காலத்தில், 81 ஆண்டுதான் மீதி. இங்கிலாந்தில் அது 80-க்குக் கீழே போய்விட்டால், நீட்டிப்பதால் கூடும் மதிப்பில் பாதியையும் நிலத்துக்கும் கட்டடத்துக்கும் சொந்தக்காரரான ஃப்ரீஹோல்டருக்குக் கொடுக்க வேண்டும். சின்னத் தொகை இல்லை.

ஃப்ரீஹோல்டரிடம் கேட்டபோது, 'சட்டமெல்லாம் எதற்கு, பேசி முடிக்கலாம்' என்று 99 ஆண்டு லீஸ் ஒன்றைக் காட்டினார்கள். விலை குறைவுதான். ஆனால் பழைய லீஸ் காலம் முடியும்வரை கிரவுண்ட் ரென்ட் (ஃப்ரீஹோல்டருக்குக் கட்டும் நில வாடகை) தொடரும். லீஸ் நீட்டிப்பு உரிமை தரும் 1993 சட்டத்தின் 42ஆம் பிரிவில் நோட்டீஸ் கொடுத்தால் மீதிக் காலத்தோடு 90 ஆண்டு சேரும், கிரவுண்ட் ரென்டும் இல்லை. 990 ஆண்டு தரும் 2024 சட்டத்துக்காகக் காத்திருக்கலாமே என்றார் நண்பர். அந்தப் பகுதி அப்போது அமலுக்கு வரவில்லை. எங்கள் 80 காத்திருக்காது.

முதலில் சர்வேயர், அப்புறம் வக்கீல். நீட்டிப்புக்கு நாம் தருவதாகச் சொல்லும் தொகையை நோட்டீஸில் அடிமாட்டு விலையாக எழுதினால் நோட்டீஸே செல்லாமல் போகலாம் என்றார் சர்வேயர். நோட்டீஸ் கொடுத்த நாளின் மதிப்புதான் கணக்கு என்பதால், அது போய்ச் சேர்ந்ததும் நிம்மதி. ஃப்ரீஹோல்டர் தரப்பு பதிலாக அனுப்பிய எதிர் நோட்டீஸில் இரண்டு மடங்கு கேட்டார்கள். சர்வேயர்கள் பேசியும் இழுத்துக்கொண்டே போனது. எதிர் நோட்டீஸ் வந்து 6 மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு போடாவிட்டால் எல்லாம் வீண். வக்கீல் மனு போட்டார். உடனே அவர்களுக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது. நடுவில் ஒரு தொகைக்கு முடிந்தது. அவர்களுடைய வக்கீல், சர்வேயர் செலவும் நம் தலையில்தான், அதையும் பட்ஜெட்டில் வையுங்கள்.