பழைய மொறிஸ் எஞ்சினில் மனிபோல்ட் கசிவை நிறுத்தும் முறை

யாழ்ப்பாண வீதிகளில் இன்றும் ஓடுகின்ற மொறிஸ் மைனர் 1000 போன்ற கார்களில், பெற்றோல்-காற்றுக் கலவையை எஞ்சினுக்குள் கொண்டுசெல்லும் குழாய்த்தொகுதியான உள்வாங்கும் மனிபோல்ட்டும், புகையை வெளியே கொண்டுசெல்லும் புகை மனிபோல்ட்டும் எஞ்சின் ஹெட்டின் ஒரே பக்கத்தில், ஒரே கஸ்கெற்றின் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் தகட்டின்) மேல் அமர்ந்திருக்கும். புதுக் கஸ்கெற் போட்ட சில வாரங்களிலேயே கசிவு திரும்பி வந்தால் குற்றம் கஸ்கெற்றில் இருப்பது அரிது. இரண்டு மனிபோல்ட்டுகளும் ஒரே தளத்தில் அமரவில்லை என்பதே பெரும்பாலும் காரணம்.

குளிர்ந்த எஞ்சினை இயக்கியதும் ‘டிக் டிக்’ என்று கேட்டுச் சூடேறியதும் குறைகின்ற ஒலியும், இணைப்பைச் சுற்றிப் படிந்த கரியும் புகைப் பக்கக் கசிவைக் காட்டும். உள்வாங்கும் பக்கத்தில் காற்றுப் புகுந்தால் ஐடில் (கார் நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம்) நிலைகொள்ளாது, பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேற்றருக்குள் வெடிச்சத்தமும் கேட்கலாம். எஞ்சின் சூடேறுமுன் இணைப்பில் சவர்க்கார நீரைச் சிறிது சிறிதாகத் தெளியுங்கள்; எங்கே தெளிக்கும்போது ஐடில் மாறுகிறதோ அங்கேதான் கசிவு. பெற்றோல் தெளித்துப் பார்ப்பது தீயை வருந்தி அழைப்பதாகும். புகைக் கசிவைச் சத்தம்தானே என்று விட்டுவிடவும் கூடாது. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. போர்க்காலத் தடையால் பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய தொண்ணூறுகளைக் கடந்து வந்த மூக்காலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

முதல்நாள் இரவே நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி வையுங்கள். கடற்காற்றுப் பட்ட ஸ்டட்டுகளை (நட்டுகள் ஏறும், ஹெட்டில் பதிந்த திருகாணிகளை) அவசரப்பட்டுத் திருகினால் முறிந்துவிடும். மறுநாள் பற்றரி இணைப்பைக் கழற்றி, பெற்றோல் குழாயை அடைத்து, காபரேற்றரையும் சைலன்சர் குழாயின் கிளாம்பையும் அகற்றிய பின் மனிபோல்ட்டை வெளியே எடுக்கலாம். பழைய கஸ்கெற்றில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும் என்பதால், அதை நனைத்தே சுரண்ட வேண்டும். ஹெட்டின் துளைகளைத் துணியால் அடைக்க மறவாதீர்கள்.

இனித்தான் கவனம் தேவை. இரண்டு மனிபோல்ட்டுகளும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்தால், நேர்விளிம்புள்ள சட்டத்தை இரண்டின் முகங்களுக்கும் குறுக்கே வைத்து, இடையில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பாருங்கள். ஒன்று பின்தங்கியிருந்தால் பிணைக்கும் போல்ட்டுகளை இளக்கி, இரண்டையும் ஹெட்டில் பொருத்தி நட்டுகளை மெல்ல இறுக்கி, அவை தாமாகவே தளத்தைக் கண்டுகொண்ட பின்னரே அந்தப் போல்ட்டுகளை இறுக்க வேண்டும். முகமே வளைந்திருந்தால் லேத் பட்டறையில் இரண்டையும் சேர்த்துப் பிணைத்தபடியே சீவுவிக்க வேண்டும்; தனித்தனியே சீவினால் பழைய கதைதான். தடித்த வாஷர்களையும் பாருங்கள். ஒரே வாஷர் இரண்டு மனிபோல்ட்டுகளின் விளிம்பையும் சேர்த்து அழுத்துவதால், விளிம்புகளின் தடிப்பு வேறுபட்டால் வாஷர் சரிந்து, மெல்லிய பக்கம் அழுத்தமின்றிக் கசியும். மெல்லிய வாஷர் போட்டு ஒப்பேற்றுவது பயன் தராது.

கஸ்கெற்றில் சிலிக்கன் பசை பூசத் தேவையில்லை. புகைப் பக்கத்தில் அது எரிந்து போகும். நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, இரண்டு மூன்று சுற்றுகளில், ஏறத்தாழ 15 பவுண்டு-அடி வரை இறுக்குங்கள். எஞ்சினை நன்கு சூடாக்கி, முற்றாகக் குளிர்ந்த பின் மீண்டும் ஒருமுறை இறுக்க வேண்டும். கசிவோடு ஓடிய நாட்களில் யாராவது காபரேற்றரின் கலவையைக் கூட்டி வைத்திருப்பார்கள்; கடைசியாக அதையும் ஐடிலையும் சரிசெய்யுங்கள்.