மழையில் காரோட்டப் போட்டி: பின்னால் வருகிறவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள்

கொழும்பில் இருக்கிற எங்களுக்கு மழை புதிதில்லை. மே மாதத்தில் தென்மேற்குப் பருவம் தொடங்கும், அது போனதும் ஐப்பசி, கார்த்திகையில் பின்னேர இடிமழை வரும், ஆக வருடத்தில் பாதி நாள் ஈர ரோட்டில்தான் ஓடுகிறோம். அதனாலோ என்னவோ வெள்ளவத்தையிலும் தெமட்டகொடையிலும் இருந்து கட்டுக்குருந்த, பண்டாரகம போட்டித் தடங்களுக்கு ஓடப் போகிற பொடியன்களிடம் "மழை எங்களுக்குப் பழக்கம்தானே" என்ற துணிச்சல் இருக்கிறது. காலி வீதியில் மணிக்கு 40 கிலோமீற்றரில் ஊர்ந்த பழக்கம், சுற்றிவர பத்துக் கார்கள் தண்ணீரை வாரி இறைக்கும் நேரத்தில் 120இல் கைகொடுக்காது.

முதல் துளி விழுந்ததும் பிட்டில் (கார்களைத் தயார்செய்யும் இடத்தில்) எல்லோரும் கேட்பது "டயருக்கு எவ்வளவு காற்று?" என்பதைத்தான். சரி, அதற்கும் வருகிறேன். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: எனக்கு முன்னால் இருப்பது தெரிகிறதா, பின்னால் வருகிறவருக்கு நான் தெரிவேனா? பாரம் குறைக்க ஏசி, ஹீட்டர் எல்லாவற்றையும் கழற்றி எறிந்த காரில், ஈர உடையோடு ஏறிக் கதவைச் சாத்திய இரண்டாவது நிமிடமே கண்ணாடி உள்பக்கம் புகைபோல மூடிவிடும். அதைக் கையுறையால் துடைப்பது பெரிய தவறு, கிரீஸும் வியர்வையும் பூசப்பட்டு இன்னும் மோசமாகும். முதல்நாள் இரவே கண்ணாடியைச் சுத்தமாகக் கழுவிக் காயவைத்து, பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளியை உள்பக்கம் மெல்லத் தேய்த்துப் பளபளக்கும்வரை துடைத்துவிடுங்கள். ஹெல்மெட்டின் முகக்கண்ணாடியைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், மூச்சுக்காற்று வெளியே போகட்டும். பின்பக்கச் சிவப்பு லைட்டும் பிரேக் லைட்டும் எரிகின்றனவா என்று இன்னொருவரை நிறுத்திப் பாருங்கள். தண்ணீர்த் திரைக்குள் பின்னால் வருகிறவருக்குக் கிடைப்பது அந்தச் சிவப்புப் புள்ளி மட்டும்தான்.

அடுத்தது நான் செய்த தவறு. ஒரு ஐப்பசி மழையில், நேர்ப்பாதையின் நடுவில் எதுவுமே தெரியாமல் போனதும் பயத்தில் எக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன், அதுவும் எல்லோரும் ஓடுகிற பாதையிலேயே. பிரேக்கை மிதிக்கவில்லை, ஆகவே லைட்டும் எரியவில்லை. பின்னால் வந்தவர் நான் முழு வேகத்தில் போவதாக நினைத்து நேரே வந்து இடித்தார். இதே தவறு 1998இல் ஸ்பா தடத்தில் நடந்த ஃபோர்முலா 1 போட்டியான பெல்ஜியம் கிராண்ட் ப்ரீயிலும் நடந்தது. ஒரு சுற்றுப் பின்தங்கப்போகும் நிலையில் இருந்த டேவிட் கூல்ட்ஹார்ட், மைக்கேல் ஷூமாக்கருக்கு வழிவிட நினைத்து வேகத்தைக் குறைத்தார், ஆனால் எல்லோரும் ஓடுகிற பாதையை விட்டு விலகவில்லை. தண்ணீர்த் திரைக்குள்ளிருந்து வந்த ஷூமாக்கர் அவருடைய பின்பக்கத்தில் மோதி முன்சக்கரம் ஒன்றை இழந்தார். உலகத்தின் மிகச் சிறந்த ஓட்டுநர்களுக்கே கண் தெரியவில்லை என்றால் எங்களுக்கு எப்படித் தெரியும்? வேகத்தைக் குறைக்கத்தான் வேண்டும் என்றால் முதலில் அந்தப் பாதையிலிருந்து ஒரு பக்கமாக மெல்ல விலகுங்கள், அப்புறம் குறையுங்கள். வேகமான கார் முந்த வருகிறது என்று சொல்லும் நீலக் கொடி கண்டு வழிவிடும்போதும் இதே ஒழுங்குதான்.

முன்னால் ஆபத்து என்று காட்டும் மஞ்சள் கொடியில்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். "கொஞ்சம் கால் எடுத்தேனே" என்பது போதாது. இரண்டு மஞ்சள் கொடிகளை அசைக்கிறார்கள் என்றால், தடத்தில் ஆளோ வண்டியோ இருக்கலாம், நிறுத்தத் தயாராக வா என்று பொருள். 2014 அக்டோபர் 5ஆம் திகதி மழையில் நனைந்த ஜப்பானின் சுசுக்கா தடத்தில், இரட்டை மஞ்சள் கொடி இருந்த இடத்தில் ஃபோர்முலா 1 ஓட்டுநர் ஜூல்ஸ் பியாஞ்சியின் கார் வழுக்கிப் போய், இன்னொரு காரைத் தூக்கிக்கொண்டிருந்த இயந்திரத்தில் மோதியது. அடுத்த வருடம் ஜூலையில் அவர் இறந்தார். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ்ஹில் போட்டியில் கார் ஒன்று தடத்தை விட்டு மக்களுக்குள் புகுந்து 7 பேர் இறந்தது எங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆகவே மஞ்சளைக் கண்டால், பின்னால் வருகிறவருக்கும் தடத்தோரம் கொடி காட்டும் மார்ஷலுக்கும் தெளிவாகத் தெரிகிற அளவுக்கு வேகத்தைக் குறையுங்கள். முந்துகிற பேச்சே இல்லை. மஞ்சளும் சிவப்பும் கோடுகளாக உள்ள கொடி என்றால் முன்னால் தடம் வழுக்கும் என்று அர்த்தம், முதல் தூறலில் அதைத்தான் தேட வேண்டும்.

உள்பக்கமாகத் திடீரென்று மூக்கை நுழைப்பதும் மழையில் ஆகாது. காய்ந்த தடத்தில் கடைசி நொடியில் பிரேக் பிடித்து முந்திப் பழகியவர், ஈரத்தில் அதே இடத்தில் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு மற்றவரின் கதவில்தான் போய் நிற்பார். வளைவுக்குத் திரும்பும் முன்பே நீங்கள் அவருக்குப் பக்கத்தில், அவருடைய பக்கக் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் இல்லையென்றால் அந்த வளைவை விட்டுக்கொடுங்கள்.

தடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காய்ந்த நாட்களில் எல்லோரும் ஓடி ஓடி ரப்பர் படிந்து பளபளக்கிற பாதை, மழையில் சவர்க்காரம் பூசியது மாதிரி ஆகிவிடும். அதை விட்டு வெளியே, சொரசொரப்பான தாரில் அகலமாக எடுத்துப் பாருங்கள். ஓரக் கட்டைகளிலும் வெள்ளைக் கோடுகளிலும் சக்கரத்தை ஏற்றவே வேண்டாம். பயிற்சிச் சுற்றிலேயே ஒவ்வொரு வளைவிலும் பிடிமானம் எங்கே இருக்கிறது என்று தேடிவிடுங்கள், போட்டிக்குள் போய்ப் பரிசோதிப்பது மற்றவர்களின் உயிரோடு விளையாடுவது.

இப்போது காற்று. ஈரத்தில் டயர் சூடாகாது, அதனால் காற்றழுத்தம் ஓட்டத்தில் வழக்கம்போல் ஏறாது. காய்ந்த நாளுக்கு, ஓடுமுன் குளிர்ந்த டயரில் வைக்கும் அளவிலேயே போனால் குறைந்த காற்றோடுதான் ஓடுவீர்கள். தேங்கிய தண்ணீரில் அது ஆபத்து. விமான டயர்களை வைத்து 1960களில் நாசா கண்ட கணக்குப்படி, ஆழமான தண்ணீரில் 25 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) உள்ள டயர் ஏறத்தாழ மணிக்கு 83 கிலோமீற்றரில் மிதக்கத் தொடங்கும், 36 பிஎஸ்ஐ என்றால் ஏறத்தாழ 100. தோராயம்தான், ஆனால் போகிற திசை தெரிகிறதல்லவா? கட்டுக்குருந்த இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதை. இப்படித் தட்டையான தளங்களில் தண்ணீர் எளிதாகத் தேங்கும். குட்டைக்குள் போய்விட்டால் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள், பிரேக்கைத் தொடாதீர்கள், மறுகரை வரும்வரை பொறுங்கள். தேய்ந்த செமி ஸ்லிக்கோடு (பள்ளக்கோடுகள் மிகக் குறைந்த போட்டி டயரோடு) வந்து "பார்த்து ஓடுகிறேன்" என்பவரை நான் ஓடவே விடமாட்டேன்.

கார் சுழன்றுவிட்டது, திருப்பிப் பிடிக்க முடியாது என்று தெரிந்துவிட்டதா? கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து முழுதாக மிதித்துப் பிடித்துக்கொள்ளுங்கள். பிரேக்கைப் பாதியில் விட்டால் சக்கரங்கள் மறுபடி பிடித்து, கார் எங்காவது பாயும், உங்களைத் தாண்டிப் போக வருகிறவர்களுக்கு எந்தப் பக்கம் போவதென்றே தெரியாது. நின்றதும் பெல்ட்டைக் கழற்ற வேண்டாம். நெருப்போ புகையோ இல்லையென்றால் உள்ளேயே இருங்கள், இறங்கிப் போய் பம்பரைப் பார்க்கிற வேலையே வேண்டாம். லைட்டைப் போட்டு, மார்ஷல் கைகாட்டும்வரை தடத்துக்குள் திரும்பாதீர்கள், இருபது விநாடி ஆனாலும் சரி, எல்லாக் கார்களும் கடந்து போகட்டும்.