கேப்பை மால்ட் கஞ்சி இளகிய விதம்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் முளைகட்டிய கேப்பையை மணம் வரும்வரை வறுத்து அரைப்பதே வழக்கம். ஆனால் அந்த மாவில் காய்ச்சிய கஞ்சி, பல் இல்லாத என் ஆச்சிக்கு விழுங்க முடியாத அளவுக்குக் கெட்டியாகவே நின்றது. முளைக்கும் தானியத்தில் பெருகும் அமிலேஸ் என்னும் நொதிதான் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்குகிறது. நல்ல சூட்டில் வறுத்தால் அது செயலிழந்துவிடும். பீருக்காக பார்லி மால்ட்டிலிருந்து, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியிலிருந்து, சாறு எடுப்பதும் இதே நொதியைக் கொண்டுதான் என்பதால், அந்த முறையையே கடன் வாங்கினேன்.

முளையை வெயிலில் மட்டும் உலர்த்தி, கசக்கும் வேர்களைத் தேய்த்துப் புடைத்து நீக்கி, கொஞ்சம் மாவை வறுக்காமல் அரைத்துத் தனியே வைத்தேன். வழக்கமான மாவில் கஞ்சியைக் கொதிக்கவைத்து, ஏறத்தாழ 65 டிகிரி செல்சியசுக்கு ஆறியதும், வறுக்காத மாவில் ஒரு கரண்டியைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் மூடிவைத்தால், கஞ்சி இளகுவதோடு லேசான இனிப்பும் ஏறுகிறது. வெப்பமானி இருப்பது நல்லது. கைச்சூட்டுக் கணக்கு இதற்கு உதவாது. வறுக்காத மாவில் கிருமிகள் இருக்கக்கூடும் ஆகையால் மறுபடியும் ஒரு கொதி அவசியம். அதிலேயே நொதியின் வேலையும் நின்றுவிடும். உடன்குடிக் கருப்பட்டியை இப்போது முன்பைவிடக் குறைவாகவே தட்டிப் போடுகிறோம்.