ஸ்னோபோர்டு எட்ஜைத் தீட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் அண்ணன் மகள் ஸ்னோபோர்டில் பேரலல் ஜெயன்ட் ஸ்லாலம் (இருவர் அருகருகே கம்பங்களைச் சுற்றி வளைந்து இறங்கும் பந்தயம்) போட்டிகளுக்குப் போகிறாள். டிசம்பர் முதல் மார்ச் வரை ஜப்பான், மீதி மாதங்கள் கோலாலம்பூரின் செந்தூல். பகுதிநேர வேலை, உடற்பயிற்சி, அடுத்த பயணத்துக்கான சேமிப்பு என்று அவள் ஓட, போர்டைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. மலேசியா குளிர்கால ஒலிம்பிக்கில் முதன்முதலாகக் கலந்துகொண்டதே 2018இல்தான். எட்ஜை, அதாவது போர்டின் அடி ஓரத்தில் ஓடும் எஃகு விளிம்பைத் தீட்டத் தெரிந்தவர்களைக் கோலாலம்பூரில் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பதால், அவளுடைய நண்பர்களின் போர்டுகளும் என்னிடம் வருகின்றன. மலையில் அடிபட்டதைவிட வீட்டுக்கு வந்தபின் வீணான எட்ஜ்களையே நான் அதிகம் பார்க்கிறேன்.

பயணக் களைப்பில் பையைத் திறக்காமல் ஸ்டோர் ரூமில் சாய்த்துவைப்பதுதான் பெரும்பாலும் காரணம். பைக்குள்ளே ஈரம், வெளிக்காற்றிலும் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். எஃகு எட்ஜ் ஓரிரு நாளில் செம்பழுப்பாகப் பூத்துவிடும். வந்த அன்றிரவே துடைத்து, மின்விசிறிக் காற்றில் உலரவிடுங்கள். பிறகு எட்ஜும் மூடும்படி மெழுகைத் தடிப்பாகப் பூசி, சுரண்டாமல் அடுத்த பயணம்வரை அப்படியே வையுங்கள்.

துருவைக் கண்டதும் அரத்தை எடுக்காதீர்கள். மேல்துரு ரப்பர் கல்லுக்கே (தேய்க்கும் துகள் கலந்த ரப்பர் கட்டி) போய்விடும். எட்ஜின் தடிமன் சுமார் 2 மில்லிமீட்டர்தான். அரம் தின்றது திரும்பி வராது. பாறையில் உரசிய இடத்திலும் நேராக அரம் போடக் கூடாது. மோதிய சூட்டில் அந்தப் புள்ளி இறுகிப்போயிருக்கும். அரம் வழுக்கி, அதன் பல்தான் மழுங்கும். முதலில் வைரக் கல்லால் தேய்த்துச் சமப்படுத்துங்கள்.

கோணத்தில்தான் பெரிய நஷ்டம். பொதுவாக எட்ஜின் அடிப்பக்கம் போர்டின் அடித்தளத்திலிருந்து 1 டிகிரி மேல்நோக்கிச் சரிந்திருக்கும், பக்கவாட்டு முகம் அந்த அடித்தளத்துக்கு 89 அல்லது 88 டிகிரியில் நிற்கும். பந்தய போர்டில் அடிப்பக்கம் அரை டிகிரி, பக்கவாட்டில் 87 வரை போவார்கள். அடிப்பக்கக் கோணத்தை ஒருமுறை அமைத்துவிட்டால் அங்கே மறுபடி மறுபடி அரம் போடாதீர்கள். அது கூடிக்கொண்டே போகும். குறைக்க வேண்டுமென்றால் போர்டின் அடியையே இயந்திரத்தில் அரைக்க வேண்டிவரும். கூர்மை வேண்டுமா, பக்கவாட்டில் மட்டும் தீட்டுங்கள். அதையும் கைக்கணக்கில் செய்யாமல், கோணம் பிடிக்கும் கருவியில் அரத்தைப் பொருத்திச் செய்யுங்கள். நான் முதலில் மார்க்கர் பேனாவால் எட்ஜ் முழுக்கக் கறுப்படிப்பேன். இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்தால் உண்மை தெரியும்: மை சீராகப் போயிருந்தால் கோணம் சரி. நுனியில் மை மிச்சமிருந்தால் அரம் கூர்முனையைத் தொடவே இல்லை.

மெழுகை உருக்கிப் பூசத் துணி இஸ்திரிப் பெட்டி வேண்டாம், சூடு ஒரே சீராக இருக்காது. மெழுகு புகைந்தால் சூடு அதிகம். போட்டிக்குப் போகிறவர்கள் ஃபுளோரின் கலந்த பழைய மெழுகைத் தொடவே கூடாது. சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனம் 2023-24 பருவத்திலிருந்து அதைத் தடைசெய்துவிட்டது.

இனி நானே செய்த தவறு. ஒரு பிப்ரவரியில் தகுதிச்சுற்று முடிந்து அவள் ஃபோன் செய்தாள். "சித்தப்பா, கையில தொட்டா பிளேடு மாதிரி இருக்கு. ஐஸ்ல ஒரு திருப்பத்துல பிடிக்குது, அடுத்ததுல வழுக்குது." பக்கவாட்டில் தீட்டும்போது மெல்லிய பிசிறு அடிப்பக்கமாகத் திரும்பி நிற்கும். அதை நான் எடுக்காமலே அனுப்பியிருந்தேன். பிசிறுக்கும் கூர்மைக்கும் விரலுக்கு வித்தியாசம் தெரியாது. வைரக் கல்லை அடிப்பக்கக் கோணத்திலேயே பிடித்து, அழுத்தாமல் இரண்டு முறை இழுத்தால் போயிருக்கும். இரண்டு நிமிட வேலை. அவளுடைய மூன்று மாத உழைப்பு அந்தச் சுற்றோடு போனது.

இப்போதெல்லாம் தீட்டி முடித்ததும், சாமி விளக்குத் திரிக்கு வைத்திருக்கும் பஞ்சில் கொஞ்சம் கிள்ளி, எட்ஜ் நெடுக ஓட்டிப் பார்க்கிறேன். இழை எங்கே சிக்குகிறதோ அங்கே பிசிறு இருக்கிறது.