பினாங்கு ஈரத்தில் பழைய உள்ளாடைகள்: எடுத்து வைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாட்டியின் உள்பாவாடை, தாத்தாவின் சிங்லெட், அம்மா இளவயதில் தானே தைத்துப் போட்ட பாடி, பிள்ளையின் முதல் சட்டை. உடம்போடு ஒட்டிக் கிடந்த துணிகளைத் தூக்கிப்போட மனம் வராமல் எடுத்து வைத்திருக்கும் வீடுகள் பினாங்கில் நிறைய உண்டு. பட்டுச்சேலையைப் பாதுகாக்க என்ன செய்யலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். உள்ளாடையைப் பற்றிக் கேட்கவே கூச்சம். அதனால் அது கறுப்பு பிளாஸ்டிக் பைக்குள் போகிறது, அலமாரியின் அடித்தட்டில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது, அங்கேயே கெட்டும் போகிறது. கலியாணப் பட்டு வருஷத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ வெளியே வந்திருக்கும். தினமும் உடுத்தி, கிழிந்த இடத்தில் ஒட்டுப்போட்டு, நாடா அறுந்தால் வேறு நாடா கோத்த உள்பாவாடையில்தான் அந்தப் பெண் எப்படி வாழ்ந்தாள் என்பது தெரியும். அதைக் காப்பாற்றுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அருங்காட்சியகங்களுக்கு இந்த வெட்கம் கிடையாது. லண்டனில் உள்ள விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2016-ல் உள்ளாடைகளின் வரலாற்றுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது. 1922-ல் எகிப்தில் துத்தன்காமன் கல்லறையைத் திறந்தபோது, அரசனோடு வைத்த லினன் கோவணங்கள் நூற்றுக்கு மேல் கிடைத்தன. மூவாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட துணி. ஆஸ்திரியாவின் லெங்பெர்க் கோட்டையில் 2008-ல் மாடித் தளத்துக்கு அடியில் நிரப்பியிருந்த காய்ந்த குப்பைகூளத்தைக் கிளறியபோது, 15-ஆம் நூற்றாண்டுப் பெண்கள் போட்ட மார்க்கச்சைகள் வந்தன. இரண்டு இடத்திலும் துணி தப்பித்தது ஈரம் இல்லாததால். நமக்கு வாய்க்காதது அதுதான். பினாங்கில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. 65 சதவீதத்தைத் தாண்டினாலே பூஞ்சணம் பிடிக்க வாய்ப்பு வந்துவிடும். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதி வைத்த யோசனைகளை அப்படியே இங்கே செய்தால் சரிவராததற்குக் காரணம் இதுதான்.

வாசனைக்காகத் துவைக்காமல் வைப்பது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இது. அன்பினால் செய்வதும் இதுதான். இறந்தவர் கடைசியாகப் போட்டிருந்த பனியனில் அவர் வாசனை இருக்கிறது என்று துவைக்காமல் மடித்து வைப்பார்கள். அந்த மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் வாசனையையும் துணியையும் ஒன்றாகக் காப்பாற்ற முடியாது.

உடம்பில் போட்ட துணியில் வியர்வை உப்பு, தோலின் எண்ணெய், உதிர்ந்த தோல் எல்லாம் ஊறியிருக்கும். எடுத்து வைக்கும் அன்றைக்குத் துணி வெள்ளையாகத்தான் தெரியும். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து மெல்ல மெல்ல மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, அக்குளும் கழுத்தும் முதலில் நைந்துபோகும். அந்துப்பூச்சிக்குப் பட்டும் கம்பளியும்தான் இரை. வெறும் பருத்தியை அது தேடி வராது. வியர்வை ஊறிய பருத்தியை விட்டு வைக்காது. பூஞ்சணத்துக்கும் அதே அழுக்குதான் தீனி. வாசனையும் நிற்பதில்லை. ஆவியாகக் கூடியது ஆவியாகிவிடும், மிச்சம் சிக்கு நாற்றமாக மாறும்.

மனம் கேட்கவில்லை என்றால் ஒன்றே ஒன்றை மட்டும் துவைக்காமல் வையுங்கள். தனி ஜிப் பையில், மற்றத் துணிகளோடு சேராமல். அது நீண்ட நாள் இருக்காது என்று தெரிந்தே வையுங்கள். மற்றவற்றைத் துவைத்துவிடுங்கள்.

எல்லாக் கறையையும் எடுக்கப் பார்ப்பது

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. எடுத்து வைப்பதற்கு முன் பளிச்சென்று ஆக்க வேண்டும் என்று குளோராக்ஸ் மாதிரி பிளீச்சில் ஊறப்போடுவது. குளோரின் பிளீச் பழைய பருத்தி நூலை அரித்துவிடும். பட்டிலும் கம்பளியிலும் பட்டால் மஞ்சளாக்கி நொறுக்கும். நீலம் போடுவது, வெண்மை கூட்டும் சோப்புத்தூள் போடுவது, இரண்டும் வேண்டாம். வாசனை, சாயம், வெண்மையூட்டி எதுவும் சேர்க்காத மென்மையான திரவச் சோப்பு கொஞ்சம் போதும். பழைய கடைவீடுகளில் இரும்புக் குழாய்த் தண்ணீரில் துரு கலந்து வரும். அந்தத் தண்ணீரில் அலசினால் நாளடைவில் துணியில் செம்புள்ளிகள் விழும். கடைசி அலசலுக்காவது காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள்.

நைந்த துணியைக் கையில் பிடித்துத் தூக்காதீர்கள். தண்ணீர் குடித்த துணி தன் பாரத்திலேயே கிழியும். கொசுவலைத் துண்டு ஒன்றைக் கீழே விரித்து, அதன் மேல் துணியைப் போட்டு, வலையோடு சேர்த்து இறக்கி ஏற்றுங்கள். பிழியக் கூடாது. வெள்ளைத் துவாலைக்கு நடுவே வைத்து அழுத்தி ஈரத்தை எடுத்து, நிழலில், மின்விசிறிக் காற்றில், படுக்கைவாட்டில் காயவிடுங்கள். சாயத்துணியாக இருந்தால் முதலில் தையல் ஓரத்தில் ஈரப் பஞ்சை ஒற்றிப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஒட்டினால் தண்ணீரே காட்ட வேண்டாம்.

நம் வீட்டுத் துணிகளுக்கென்றே ஒரு விஷயம் உண்டு. மஞ்சள் தேய்த்துக் குளித்த பெண்களின் பாடியிலும் ரவிக்கையிலும் கழுத்தோரம் மஞ்சள் படிந்திருக்கும். சோப்பு பட்டதும் அந்த இடம் சட்டென்று செங்காவியாக மாறும். ஏதோ ரத்தக்கறை வெளிவந்துவிட்டது என்று பயந்து பரபரவென்று தேய்ப்பவர்கள் உண்டு. தேய்க்காதீர்கள். சோப்பின் காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். நன்றாக அலசி, தண்ணீரில் இரண்டு சொட்டு வினிகர் விட்டால் பழைய நிறத்துக்கே திரும்பும். அந்த மஞ்சளை வெயிலில் போட்டு வெளுக்கவும் என்னைக் கேட்டால் தேவையில்லை. துணியை அரிக்காத கறை அது. யாருடைய உடுப்பு என்பதைச் சொல்லும் கறையும் அதுதான். வியர்வை எண்ணெய் போக வேண்டும், துரு போக வேண்டும், பூஞ்சணம் போக வேண்டும். ஒட்டுத்தையல், மாற்றிய கொக்கி, இடுப்பில் நாடா இறுக்கிய சுருக்கம், மஞ்சள், இவையெல்லாம் இருக்க வேண்டும்.

துவைத்த பிறகு கஞ்சி போடாதீர்கள். ராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் கஞ்சி விருந்து. சூடாக இஸ்திரியும் போடாதீர்கள். மிச்சமிருக்கும் கறை அப்படியே நூலில் இறுகிவிடும்.

மூடிவிட்டால் பத்திரம் என்று நினைப்பது

மழைக்காலத்தில், அதுவும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை, பினாங்கில் காயப்போட்ட துணி காய்ந்தது போலிருக்கும், காய்ந்திருக்காது. அதைக் காற்றை உறிஞ்சி எடுக்கும் பையில் போட்டு அடைத்தால், துணியோடு ஈரத்தையும் சேர்த்து அடைக்கிறோம். அந்தப் பை துணியை நசுக்கிப் போடும் மடிப்புகளும் பின்னாளில் கிழிசலாகும். கெட்டியான வாசமடிக்கும் பிளாஸ்டிக் உறைகள் பெரும்பாலும் பிவிசி. நாளாக ஆக அதிலிருந்து அமில ஆவி வரும், உறையே பிசுபிசுத்துத் துணியில் ஒட்டும். பெட்டியின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருந்தால் அது பாலிபுரோப்பிலீன், நம்பி வாங்கலாம். மூடியை ஒரேயடியாக இறுக்காமல் அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும்.

பிஸ்கட் டின்னில் வைப்பது நம்மிடையே பழைய வழக்கம். இந்தக் காற்றில் டின் துருப்பிடிக்கும், துரு துணியில் இறங்கும். பழைய நாளிதழில் சுற்றி வைப்பதும் அப்படித்தான். 1924 முதல் 2019 வரை வந்த தமிழ் நேசன் பக்கங்களில் சுற்றிய பொட்டலங்கள் எத்தனையோ வீட்டில் இன்னும் இருக்கின்றன. நாளிதழ்த் தாள் அமிலம் மிகுந்தது, மையும் ஒட்டும். பொட்டலத்தைப் பிரித்துத் தாளைத் தனியாக எடுத்து வையுங்கள், அதற்கும் மதிப்புண்டு. துணியை அதில் விடாதீர்கள். சீனர்கள் செய்த கற்பூர மரப்பெட்டி வைத்திருப்பவர்கள், மரம் துணியில் நேரே படாமல் துவைத்துத் துவைத்து மென்மையான வெள்ளைப் பருத்தித் துணியைக் கீழேயும் மேலேயும் விரித்துக்கொள்ளுங்கள். கோரா வேட்டித் துண்டு இருந்தால், பலமுறை துவைத்துக் கஞ்சி போக்கிய பிறகு, இதற்கு மிகவும் ஏற்றது.

பெட்டியை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். ஜார்ஜ்டவுன் கடைவீடுகளில் சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை மேலே இழுக்கும், அடித்தட்டும் வேண்டாம். ராத்திரி மட்டும் ஏர்கோன் ஓடும் அறையில், காலையில் அணைத்ததும் வெளிக்காற்று உள்ளே வந்து குளிர்ந்த பொருள்மேல் ஈரமாகப் படியும். அதைவிட ஏர்கோனே இல்லாத, காற்றோட்டமுள்ள மாடி அறை மேல். சில ரிங்கிட்டுக்கு ஒரு சின்ன ஈரப்பதமானி கிடைக்கும். அதை அலமாரிக்குள் வைத்து ஒரு வாரம் பாருங்கள். 60-க்குக் கீழே நின்றால் நிம்மதி. ஈரம் உறிஞ்சும் டப்பா வைப்பவர்கள் துணிப்பெட்டிக்குள் வைக்காமல் அலமாரித் தரையில் வையுங்கள். அதில் இருப்பது கால்சியம் குளோரைடு; சேர்கிற தண்ணீர் துணியில் கொட்டினால் எளிதில் போகாது.

அந்துருண்டையும் சாம்பிராணியும்

அந்துருண்டையை நான் வீட்டுக்குள் விடுவதே இல்லை. அதில் உள்ள நாப்தலீன் ஆவி துணியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஜி-6-பி-டி என்ற, ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதியின் குறைபாடு இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்ப்பது பெற்றவர்களுக்குத் தெரியும். அந்தக் குறைபாடுள்ள குழந்தைக்கு அந்துருண்டை பட்ட துணியைப் போட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, கடுமையான மஞ்சள் காமாலையும் சோகையும் வரலாம். அப்பா பிறந்தபோது போட்ட சட்டையைப் பேரனுக்குப் போட்டுப் படம் எடுக்க ஆசைப்படுகிற குடும்பங்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். கற்பூரமும் அந்தக் குழந்தைகளுக்கு ஆகாது. நாப்தலீனையும் கற்பூரத்தையும் ஒன்றாகப் போட்டால் இரண்டும் இளகித் துணியில் எண்ணெய்க் கறையாக இறங்கும்.

சாம்பிராணிப் புகை காட்டினால் பூச்சி வராது என்பார்கள். பூச்சி போகிறதோ இல்லையோ, புகைக்கரியும் பிசினும் துணியில் படியும். பச்சை வேப்பிலை ஈரத்தைக் கொண்டுவந்து கறை பிடிக்கவைக்கும்.

பூச்சி விழுந்திருக்கும் என்று சந்தேகம் வந்தால், நன்றாகக் காய்ந்த துணியைப் பாலிதீன் பையில் காற்றில்லாமல் கட்டி, வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். புழுவும் முட்டையும் சாகும், துணிக்கு ஒன்றும் ஆகாது. வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் அப்படியே விடுங்கள். உடனே பிரித்தால் அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்த துணியில் நீராகப் படியும். உள்பாவாடையில் பூச்சி தங்கும் இடம் நாடா ஓடும் மடிப்புதான். நாடாவை உருவி எடுத்து, அந்தக் குழலை உள்பக்கம் திருப்பி, மென்மையான தூரிகையால் தட்டிவிட வேண்டும். நாடாவைத் தனியாகச் சுருட்டி வையுங்கள்.

எலாஸ்டிக், கொக்கி, ஊக்கு

பருத்தி நூறு வருஷம் இருக்கும். எலாஸ்டிக் இருக்காது. பழைய ரப்பர் காய்ந்து நொறுங்கும், இல்லையென்றால் இளகிப் பிசினாகும். 1958-ல் டூபான்ட் கம்பெனியில் கண்டுபிடித்த ஸ்பாண்டெக்ஸும் ஈரக் காற்றில் மஞ்சளாகி இழுவை இழந்துவிடும். இதை நிறுத்த வழியில்லை. செய்யக்கூடியது, எலாஸ்டிக்கை இழுத்துப் பார்க்காமல் இருப்பதும், மற்றத் துணி மேல் படாதபடி நடுவே பருத்தித் துணியோ அமிலமில்லாத் தாளோ வைப்பதும்தான். ரப்பரிலிருந்து வரும் கந்தகம் வெள்ளிப் பொத்தானையும் கறுக்க வைக்கும்.

கொக்கிகள் இரும்பாக இருந்தால் துரு நூலையே தின்றுவிடும். கழற்றிவிடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், கொக்கியும் அந்த உடுப்பைச் சேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே சின்னத் தாள்துண்டு செருகி வையுங்கள். ஊக்கை மட்டும் இன்றே எடுத்துவிடுங்கள். பெயர் எழுதிய ஸ்டிக்கர், செலோடேப் எதையும் துணியில் ஒட்டாதீர்கள். யாருடையது, எந்த ஊர், எந்த எஸ்டேட் லயத்தில் இருந்தபோது உடுத்தியது, யார் தைத்தது என்பதைப் பென்சிலால் தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். உடுத்தியவர் உயிரோடு இருந்தால் முதலில் அவரிடம் கேளுங்கள். அது அவருடைய உடம்பைச் சேர்ந்த பொருள். படம் எடுத்துப் பிறருக்குக் காட்டலாமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்ட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அருங்காட்சியகங்கள் துணிகளுக்கு 50 லக்ஸ் அளவு மங்கிய வெளிச்சத்தையே வைக்கின்றன, அதையும் சில மாதங்களுக்கு மேல் நீட்டுவதில்லை. நம் ஹாலில் பகல் வெளிச்சம் அதைப்போலப் பல மடங்கு. அசலைப் பெட்டியில் வைத்துப் படத்தை மாட்டுங்கள்.

வருஷத்துக்கு இரண்டு தடவை, மழை தொடங்கும் முன் ஒன்று, முடிந்த பின் ஒன்று, வெயிலடிக்கும் ஒரு நாளில் பெட்டியைத் திறங்கள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் முன் மூக்குக்குப் பூஞ்சணம் தெரியும். வந்திருந்தால் அதை மட்டும் தனியே எடுத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு வாசலில் வைத்துத் தட்டுங்கள், வீட்டுக்குள் வேண்டாம். நன்றாக இருப்பதை மறுபடி மடிக்கும்போது போன தடவை மடித்த கோட்டிலேயே மடிக்காதீர்கள். மடிப்புக்கு உள்ளே ஒரு சுருள் துணியைக் கொடுத்து, கோட்டை இரண்டு விரல் தள்ளிப் போடுங்கள்.